தாளிப்பை மட்டும் மிச்சம் வையுங்கள்: நெருக்கடி மாதத்துக்கு முன்கூட்டியே சமைத்து உறையவைக்கும் முறை

தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆடி முடிந்தால் ஆவணி பிறப்பதில்லை. நேராகச் செப்டம்பர் 30தான். வரித் தணிக்கை அறிக்கை தாக்கல் செய்யக் கடைசி நாள் அது. அதை முடித்து மூச்சு விடுவதற்குள், அவர்களின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாளான அக்டோபர் 31 வந்து வாசலில் நிற்கும். இந்த இரண்டு மாதமும் இரவு எட்டு மணிக்கு முன் நான் வீட்டுக்குள் காலடி வைத்ததாகச் சரித்திரம் இல்லை. கோயம்புத்தூரில் நாங்கள் நான்கு பேர். கணவருக்கு மில்லில் ஷிப்ட் வேலை. பன்னிரண்டு வயது மகனுக்கு ஏழரைக்கே வயிறு கத்தும். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, முழங்கால் வலி. அடுப்படியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது.

அதனால் ஆறு வருடமாக ஆகஸ்ட் கடைசியில் இரண்டு ஞாயிறுகளை ஒதுக்கி, சமைத்து, ஃப்ரீசரில் அடுக்கிவிடுகிறேன். உங்கள் நெருக்கடி வேறாக இருக்கலாம்: பிரசவம், அறுவை சிகிச்சை, பிள்ளையின் பொதுத்தேர்வு, வீடு மாற்றுவது. கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முதல் வருடம் நான் செய்தது முழு முட்டாள்தனம். உருளைக்கிழங்கும் முருங்கைக்காயும் போட்டு மூன்று லிட்டர் சாம்பார் வைத்து, தூக்குப் போசியில் ஊற்றி, அப்படியே ஃப்ரீசருக்குள் தள்ளினேன். தேவைப்பட்ட இரவில் எடுத்தால் பாறை. மூடி திறக்கவில்லை. வெந்நீரில் போசியை உட்காரவைத்து, சுற்றிலும் உருகியதைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, சாப்பிடும்போது மணி பத்தேகால். உருளைக்கிழங்கு நனைந்த பஞ்சாக இருந்தது. முருங்கைக்காயில் நார் மட்டும் மிச்சம். ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு அத்தை சொன்னார்: “கண்ணு, இதற்குப் பழைய சோறே தேவலை.”

அவர் சொன்னதை அப்புறம் யோசித்துப் பார்த்தேன். “நேற்றுச் செய்ததைச் சாப்பிடுவதா” என்று முகம் சுளிக்கும் வீடுகளில்தான் பழைய சோறும், சுண்டவைத்த குழம்பும், மறுநாள் மீன் குழம்பும் ருசித்துச் சாப்பிடப்படுகின்றன. வைத்தால் ருசி கூடுவது எது, கெடுவது எது என்பது நம் பாட்டிமார்களுக்கு அத்துப்படி. அந்த அறிவை ஃப்ரீசருக்குப் பொருத்துவதுதான் வேலை. அடுத்த வருடத்திலிருந்து முழுச் சாப்பாட்டை உறையவைப்பதை விட்டேன். வேக நேரமாகும் பருப்பு, வதங்க நேரமாகும் வெங்காயம், உரிக்கவும் துருவவும் அரைக்கவும் கை வலிக்கும் சாமான்கள், இவற்றை மட்டும் முன்கூட்டியே முடித்துவைக்கிறேன். தாளிப்பு, காய், மல்லித்தழை மூன்றும் அன்றன்றைக்கு. கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டாலே வீட்டில் எல்லோருக்கும் அது புதுச் சமையல்தான்.

முதலில் ஃப்ரீசரைச் சோதியுங்கள்

வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அந்தக் குளிரில் சாப்பாட்டைக் கெடுக்கும் கிருமிகள் வளர முடியாது. சாவதில்லை, உறங்குகின்றன, அவ்வளவுதான். வெளியே எடுத்து இளகியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனவே உள்ளே போகும்போது சுத்தமாகப் போனால்தான் சுத்தமாக வெளியே வரும்.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜில் இந்தக் குளிர் வந்துவிடும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்பெட்டி பலவற்றில் அவ்வளவு குளிராது. தெரிந்துகொள்ள எளிய வழி: கடையிலிருந்து ஐஸ்கிரீம் வாங்கி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். கரண்டி இறங்காத அளவுக்குக் கல்லாக இருந்தால் சரி. மெத்தென்று இருந்தால், அந்தப் பெட்டியில் மாதக் கணக்கில் எதையும் வைக்கக் கூடாது; ஒரு வாரத்துக்கு மட்டும் திட்டமிடுங்கள். சுவரில் பனி அரை அங்குலத்துக்கு ஏறியிருந்தால், சமைக்கும் நாளுக்கு முந்தைய வாரமே அணைத்து உருகவிட்டுத் துடைத்துவிடுங்கள். பனி பிடித்த பெட்டியில் இடமும் குறைவு, குளிரும் மந்தம்.

எத்தனை இரவு என்று எண்ணுங்கள்

எல்லா நாளும் ஃப்ரீசர் சாப்பாடு என்று கிளம்பினால் இரண்டாம் வாரமே வீட்டில் கலகம் வரும். எங்கள் வீட்டில் வாரம் நான்கு இரவுகளுக்கு மட்டும் இந்த ஏற்பாடு. ஒரு நாள் தோசை, ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கடை. ஐந்து வாரத்துக்கு 20 இரவுகள். இந்த 20 இரவுகளுக்கு நான் வைப்பது:

துவரம்பருப்பு வேகவைத்தது 8 பொட்டலம்
வெங்காயம் தக்காளித் தொக்கு 8 பொட்டலம்
கொள்ளுப் பருப்பு 4
தட்டப்பயறு 3
கொண்டைக்கடலை வேகவைத்தது 4
அரை வேக்காட்டுச் சப்பாத்தி 60
இட்லி 60
இவற்றோடு தேங்காய்த் துருவல், புளிக் கரைசல், இஞ்சிப் பூண்டு விழுது

பொட்டலம் ஒன்று ஏறக்குறைய 400 மில்லி, தொக்கு மட்டும் கால் கிலோ. நான்கு பேருக்கு ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். அளவை ஒரு வேளைக்கு மேல் கூட்டவே கூட்டாதீர்கள். பெரிய பொட்டலத்தை இளகவைத்துப் பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்ப உறையவைக்கும் ஆசை வரும். அதற்கு இடமே கொடுக்கக் கூடாது.

சோற்றையும் உறையவைக்கலாம், கெட்டுப்போகாது. ஆனால் குக்கரில் இருபது நிமிடத்தில் ஆகிவிடும் சோற்றுக்கு ஃப்ரீசரில் இடம் கொடுப்பது, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடைத்த மனையில் மாட்டுக் கொட்டகை கட்டுவது போல. அசைவம் உங்கள் விருப்பம். ஆட்டுக்கறிக் குழம்பைப் போல உறையவைக்கத் தோதான பண்டம் வேறில்லை. இரண்டு மாதம் தாராளமாக நிற்கும். எங்களுக்குச் செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்துவிடும், கறி வாசனையே கிடையாது. அதனால் என் பட்டியல் முழுக்கப் பயறும் பருப்பும்.

உள்ளே போகக் கூடாதவை

உறையும்போது காயிலுள்ள தண்ணீர் ஊசி ஊசியாகப் பனிக்கட்டியாகி, காயின் நுண்ணறைகளைக் குத்திக் கிழிக்கிறது. இளகும்போது தண்ணீர் வெளியேறிக் காய் தொளதொளத்துப்போகிறது. பூசணி, சுரைக்காய், சௌசௌ, முருங்கைக்காய் எல்லாம் இந்த ரகம். உருளைக்கிழங்கு மணல் மணலாகவோ பஞ்சாகவோ ஆகும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பர். மோர்க்குழம்பும் தயிர் சேர்த்த எதுவும் திரிந்துவிடும். தேங்காய்ப்பால் ஊற்றிய குருமா தண்ணீர் வேறு, பால் வேறாகப் பிரியும். குருமா வேண்டுமென்றால் தேங்காய் சேர்ப்பதற்கு முந்தைய நிலையில் நிறுத்தி உறையவையுங்கள். கிராம்பு, மிளகின் காரம் வைக்க வைக்கத் தூக்கலாகும். வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்துப் போடலாம்.

கீரை இதற்கு விதிவிலக்கு. கடைந்த கீரை அருமையாக நிற்கும், குழைவதற்கு அதில் இனி எதுவும் இல்லையே.

சாமான்

ஜிப் வைத்த கெட்டிக் கவர், ஒரு லிட்டர் அளவு, முப்பது. சமதளமான தட்டு அல்லது டிரே இரண்டு. ஐஸ் கட்டித் தட்டு இரண்டு. எழுதி ஒட்ட வெள்ளை டேப், அழியாத மார்க்கர். சப்பாத்திக்கு இடையில் வைக்க பட்டர் பேப்பர். கண்ணாடிப் பாட்டிலை மறந்துவிடுங்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், கழுத்து குறுகிய பாட்டில் என்றால் வெடித்துவிடும். ஊறுகாய்ப் பாட்டிலில் ரசம் ஊற்றி வைத்துக் கண்ணாடிச் சில்லு பொறுக்கியவள் சொல்கிறேன்.

முதல் ஞாயிறு

சனி மாலையே உழவர் சந்தைக்குப் போய் வாருங்கள். வெங்காயம் 2 கிலோ, நாட்டுத் தக்காளி 2 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, தேங்காய் 5, புளி கால் கிலோ, இஞ்சியும் பூண்டும் கால் கால் கிலோ. அன்று இரவே பூண்டை உரித்துவிடுங்கள். மகனை உட்காரவைத்து உரிக்கச் சொன்னால் ஒரு கிரிக்கெட் மேட்ச் முடிவதற்குள் ஆகிவிடும்.

காலையில் முதலில் பருப்பு. மஞ்சள்தூளும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு, ஐந்து லிட்டர் குக்கரில் அரை அரைக் கிலோவாக இரண்டு தடவை. உப்பும் பெருங்காயமும் இப்போது வேண்டாம். மத்தால் லேசாக மசித்தால் போதும், கூழாக்காதீர்கள். கெட்டியாகவே இருக்கட்டும், தண்ணீரை அன்றைக்கு ஊற்றிக்கொள்ளலாம், ஃப்ரீசரில் தண்ணீருக்கு ஏன் வாடகை கொடுக்க வேண்டும்?

குக்கர் ஓடும்போது பக்கத்து அடுப்பில் தொக்கு. அடி கனமான வடச்சட்டியில் கடலெண்ணெய் 250 மில்லி. அதிகம் போலத் தெரியும். எட்டுக் குழம்புகளுக்கான தாளிப்பு எண்ணெயில் பாதி இதிலேயே வந்துவிடுகிறது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தைக் கொஞ்சம் உப்புடன் போட்டு நடுத்தணலில் வதக்குங்கள். இதில் அவசரம் கூடாது. முதல் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டுக்கொண்டு அழும். பிறகு ஓரம் பொன்னிறமாகும். கைப்பிடி இஞ்சிப் பூண்டு விழுது, பச்சை வாசம் போனதும் தக்காளி. இனி அடிக்கடி கிளற வேண்டும். குமிழி சிறுத்து, சத்தம் “சளசள”வென்பதிலிருந்து “சொர்”ரென்று மாறி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும்போது இறக்கலாம். வெங்காயம் போட்டதிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் ஆகும். இரண்டு கிலோவுக்குப் பக்கமாகத் தொக்கு கிடைக்கும். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மசாலா எதுவும் இதில் சேர்ப்பதில்லை. அப்போதுதான் அதே தொக்கு ஒரு நாள் கடலைக் குழம்பாகவும், ஒரு நாள் தக்காளிச் சாதமாகவும், ஒரு நாள் முட்டை மசாலாவாகவும் வேஷம் போடும்.

மதியத்துக்கு மேல் தேங்காயைத் துருவிக் கவரில் உதிரியாகப் பரப்புங்கள். வெள்ளைப் பகுதி மட்டும். ஓட்டை ஒட்டிய பழுப்பும் சேர்ந்தால் அரைக்கும்போது நிறம் மங்கும். புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, வடிகட்டி, பாதியாகச் சுண்டவைத்து, ஆறியதும் ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றுங்கள். ஒரு குழம்புக்கு இரண்டு கட்டி. இஞ்சிப் பூண்டு விழுதும் இன்னொரு தட்டில் அப்படியே.

ஆறவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்

5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரையிலான சூட்டில் கிருமிகள் வெகுவேகமாகப் பெருகும். சமைத்த பொருளை இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்குள் அனுப்பிவிட வேண்டும் என்பது பொது விதி. அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர் அடுப்படியில் மதியம் 32 டிகிரி என்பது குளிர்ந்த நாள். ஆகவே “சாயங்காலம் ஆறட்டும், பிறகு வைக்கலாம்” என்று குண்டாவோடு மேடையில் விட்டுவிடக் கூடாது. கொதிக்கக் கொதிக்க உள்ளே வைப்பதும் தவறு. பக்கத்தில் இருப்பதெல்லாம் சூடாகும்.

நான் செய்வது இது: பாத்திரம் கழுவும் தொட்டியை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, முந்தைய நாள் உறையவைத்த இரண்டு தண்ணீர் பாட்டில்களை அதில் போடுகிறேன். பருப்பை அகலமான இரண்டு தாம்பாளங்களில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, ஒவ்வொன்றாக அந்தத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்டு, அவ்வப்போது கிளறுகிறேன். ஒரு தாம்பாளம் இருபது நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்களுக்கு ஐஸ்கூடத் தேவைப்படாது.

பொட்டலம் கட்டுவது

கவரின் வாயை வெளிப்பக்கம் மடித்து ஒரு சொம்புக்குள் நிறுத்துங்கள். கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். முக்கால் பாகம் நிரம்பினால் போதும். கவரை மேடை விளிம்பில் சாய்த்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஜிப்பை மூடி, தட்டில் படுக்கப்போட்டு உள்ளங்கையால் சமமாகத் தட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கும் குறைவான கனம் இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் வேகமாக உறையும், வேகமாக உறைந்தால் பனி ஊசிகள் சிறிதாக இருக்கும், ருசி கெடாது. 1910களில் இன்றைய கனடாவின் லாப்ரடாரில் இருந்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர், அங்கே இனுயிட் மக்கள் கடுங்குளிரில் பிடித்த மீன் நொடியில் உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புதுமீன் போலவே இருப்பதையும் கவனித்தார். இன்றைய உறைந்த உணவுத் தொழிலே அந்த ஒரு கவனிப்பிலிருந்து கிளைத்ததுதான். என் தூக்குப் போசிச் சாம்பார் இரண்டு நாள் மெல்ல மெல்ல உறைந்தது. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் முப்பது பொட்டலங்களையும் திணித்தால் ஃப்ரீசரே சூடாகித் திணறும். ஒரு தடவைக்கு ஐந்தாறு, சுவரை ஒட்டி. மற்றவை அதுவரை ஃப்ரீசருக்கு வெளியே, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் குளிர்ந்து கிடக்கட்டும். மறுநாள் காலை அடுத்த தவணை. சமையலை இரண்டு ஞாயிறாகப் பிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கல்லானதும் படுக்கையிலிருந்து எழுப்பி, அலுவலகக் கோப்புகள் போல நெட்டுக்குத்தாக அடுக்கிவிடலாம். எங்கள் அலமாரிகளைவிட என் ஃப்ரீசர் ஒழுங்காக இருக்கும் என்று கணவர் சொல்வார்.

கவரில் ஊற்றுவதற்கு முன்பே டேப்பை ஒட்டி எழுதிவிடுங்கள். ஈரக் கவரில் எதுவும் ஒட்டாது. பெயர், தேதி, அன்றைக்கு என்ன சேர்க்க வேண்டும், மூன்றும் வேண்டும். “து.பருப்பு, ஆக. 24, உப்பு இல்லை” என்பது போல. உறைந்தபின் எல்லாக் குழம்புக்கும் ஒரே முகம். இரண்டாம் வருடம் எழுதாமல் விட்ட ஒரு பொட்டலத்தைத் தொக்கு என்று நம்பிச் சப்பாத்திக்குச் சூடாக்கினேன். அது தீபாவளிக்கென எடுத்துவைத்திருந்த கடலைப்பருப்புப் பூரணம். மகன் ஒருவனுக்குத்தான் அன்று சந்தோஷம்.

இரண்டாம் ஞாயிறு

முந்தைய இரவே கொள்ளு, தட்டப்பயறு, கொண்டைக்கடலை மூன்றையும் தனித்தனியே ஊறப்போட வேண்டும். இட்லி மாவு வெள்ளிக்கிழமை ஆட்டியது சனிக்கிழமை பொங்கியிருக்கும்.

கொள்ளு அரைக் கிலோ. எங்கள் பக்கத்து வீடுகளில் இதற்கு ஈடு இல்லை. குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு, வெந்த தண்ணீரை வடித்துத் தனியே வையுங்கள். கொள்ளு ரசத்துக்கு அதுதான் உயிர். சின்ன வெங்காயம், வரமிளகாய், மல்லி, சீரகம், பூண்டு எல்லாவற்றையும் எண்ணெயில் வதக்கி, வெந்த கொள்ளுடன் சேர்த்துக் கொரகொரப்பாக ஆட்டி எடுங்கள். களிமண் போலக் கெட்டியாக இருக்கும் இதை ஃப்ரீசர் ஒன்றுமே செய்ய முடியாது. மூன்று மாதம் கழித்து எடுத்தாலும் நேற்று ஆட்டியது போலிருக்கும். சூடான சோறு, ஒரு குழி நல்லெண்ணெய், வேறு எதுவும் வேண்டாம்.

தட்டப்பயறும் கடலையும் மலர வேகவைத்து, வெந்த தண்ணீரோடு கவரில் ஊற்றுங்கள். வறட்டுப் பயறாக வைத்தால் தோல் காய்ந்து சுருங்கும். தட்டப்பயற்றுக் குழம்புக்கான கத்தரிக்காய் அன்றைக்கு வதங்கட்டும், ஐந்து நிமிட வேலைதான்.

இட்லிகளை ஊற்றி எடுத்து, முழுக்க ஆறியபின் தட்டில் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி உறையவைத்து, கல்லானதும் கவரில் கொட்டிக்கொள்ளுங்கள். வேண்டும்போது இளகவைக்காமல் நேராக இட்லிப் பானையில் எட்டிலிருந்து பத்து நிமிடம். புது இட்லிக்கும் இதற்கும் எங்கள் வீட்டில் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை, அத்தை உட்பட.

சப்பாத்தி கொஞ்சம் நுணுக்கம். கல் நன்றாகக் காய்ந்தபின் ஒரு பக்கம் இருபது விநாடி, மறுபக்கம் இருபது விநாடி. பழுப்புப் புள்ளி விழக் கூடாது. பச்சை மாவின் நிறம் மட்டும் மாறி வெளுக்க வேண்டும். துணிமேல் பரப்பி ஆறவைத்து, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து அடுக்கிக் கவரில் போடுங்கள். ஆவியோடு அடுக்கினால் ஒட்டிக்கொண்டு பத்தும் ஒரே தடித்த சப்பாத்தியாகிவிடும். சாப்பிடும்போது நேராகச் சூடான கல்லில் போட்டு எண்ணெய் தடவிச் சுட்டால் உப்பும்.

எடுத்துச் சமைப்பது

மறுநாள் வேண்டியதை இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள், ஒரு கிண்ணத்தில் வைத்து. கசிந்தால் மற்றதில் படாது. மறந்துவிட்டால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம். மேடையில் வெளியே விட்டுவிட்டு அலுவலகம் போகாதீர்கள். நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே ஓரம் ஊச ஆரம்பித்துவிடும்.

சூடாக்குவது என்றால் கொதிக்கவிடுவது என்று பொருள். உள்ளே 74 டிகிரியாவது எட்ட வேண்டும். வீட்டில் வெப்பமானி இல்லாவிட்டால், நடுவிலும் கொப்புளம் வெடித்து இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கட்டும். மைக்ரோவேவ் ஓரத்தை எரித்து நடுவைக் குளிராக விடும் பேர்வழி. நடுநடுவே நிறுத்திக் கிளற வேண்டும். ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. கீழ்த்தட்டில் வைத்து மறுநாளுக்குள் முடித்துவிடுங்கள்.

போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை எட்டேகாலுக்கு வந்தேன். சோற்றை அத்தை குக்கரில் வைத்திருந்தார். கையைக் கழுவிவிட்டு வடச்சட்டியில் எண்ணெய், கடுகு, வெந்தயம், வரமிளகாய், கறிவேப்பிலை. பத்துச் சின்ன வெங்காயம், காலையிலேயே நறுக்கி வைத்த ஒரு கைப்பிடி வெண்டைக்காய். வதங்கியதும் இரண்டு புளிக்கட்டி. சட்டியில் விழுந்ததும் சீறி வழுக்கிக்கொண்டு ஓடிக் கரைந்தன. சாம்பார்ப்பொடி, உப்பு, இரண்டு டம்ளர் வெந்நீர். கொதி வந்ததும் இளகிய பருப்பு. பெருங்காயம், மல்லித்தழை. எட்டு முப்பத்தைந்துக்கு இறக்கிவிட்டேன். “காய்கூடப் போட்டு இப்போதுதான் வைத்தாயா கண்ணு?” என்று அத்தை கேட்டார். “ஆமாம் அத்தை” என்றேன். பொய்யில்லையே.

கணக்குச் சீட்டு

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. எடுப்பவர் யாராக இருந்தாலும் ஒரு கோடு போட வேண்டும். முதலில் உள்ளே போனது முதலில் வெளியே வர வேண்டும். எனவே புதியவை பின்னால், பழையவை முன்னால். சமைத்தவற்றை மூன்று மாதத்துக்குள்ளும், சப்பாத்தியையும் இட்லியையும் ஒரு மாதத்துக்குள்ளும் முடித்துவிடுவது என் வழக்கம். அதற்கு மேல் போனால் கெட்டுவிடும் என்பதில்லை. ஓரம் காய்ந்து வெளுத்து, ஃப்ரீசர் வாசம் ஏறிவிடும்.

மின்தடை

பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை மின்சாரம் நிறுத்தப்படும் பகுதிகளின் பட்டியல் நாளிதழில் வரும். அன்றைக்கு ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். மூடியே இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் இரண்டு நாள் வரையும், பாதி நிறைந்தது ஒரு நாள் வரையும் குளிரைத் தாங்கும் என்பது பெரிய ஃப்ரீசருக்கான கணக்கு. நம் வீட்டுச் சிறு பெட்டிக்கு அதில் பாதிகூட எதிர்பார்க்காதீர்கள்; ஒரு பகலை எளிதாகத் தாண்டும். பொட்டலங்கள் தீரத் தீர அந்த இடத்தில் முக்கால் பாகம் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில்களை வைத்துக்கொண்டே வந்தால் குளிர் நிற்கும். கீழ்ப்பகுதி நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

ஊருக்குப் போகும்போது ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. பனிக்கட்டிக்குள் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது வெகுநேரம் மின்சாரம் போய், எல்லாம் உருகி, மறுபடி உறைந்திருக்கிறது. பார்வைக்கு எல்லாப் பொட்டலமும் கல்லாகத்தான் இருக்கும். முகர்ந்து பார்த்து, ருசி பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள். நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. சீட்டில் மிச்சமிருக்கும் எல்லாவற்றுக்கும் நேராகக் கோடு போட்டுவிட்டு, பொட்டலங்களைக் குப்பைக் கூடையில் சேர்த்துவிடுங்கள்.